ஆட்டிசம் உள்ள குழந்தையும் சிறப்புப் பள்ளியும்: எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது

எங்கள் பிள்ளை படிக்கும் சிறப்புப் பள்ளிக்குப் புதிதாக வரும் பெற்றோரிடம் பேசும் வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். வருகிறவர்கள் யாரும் உழைப்புக்கு அஞ்சுகிறவர்கள் இல்லை. வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வரட்டும் என்று பயிற்சியைத் தள்ளிப்போடுகிறார்கள். காதைச் சோதிக்காமலே ஸ்பீச் தெரபிக்குப் பணம் கட்டுகிறார்கள். பள்ளியில் சேர்த்த மறுநாளே இனி டீச்சர் பார்த்துக்கொள்வார் என்று வீட்டில் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். அதனால் வரிசைப்படியே எழுதுகிறேன். இது தமிழ்நாட்டு நடைமுறை.

1. ஒரு ஃபைல், ஒரு நோட்டு, போனில் ஒரு ஆல்பம்

எந்த ஆஸ்பத்திரிக்கும் போகும் முன் இந்த மூன்றையும் தயார் செய்யுங்கள். ஃபைலில் குழந்தையின் ஆதார், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, ரேஷன் அட்டை நகல், போட்டோக்கள், பிரசவத்தின்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியைத்தான் பலர் தொலைத்துவிடுகிறார்கள். பிறந்ததும் அழுததா, எடை எவ்வளவு, ஐ.சி.யூ.வில் வைத்தார்களா என்று பார்க்கிற ஒவ்வொரு டாக்டரும் கேட்பார்.

ஆல்பத்தில் ஒரு நிமிட வீடியோக்கள் போதும். பெயர் சொல்லிக் கூப்பிடும்போது என்ன செய்கிறது, சாப்பிடும்போது, தனியாக விளையாடும்போது, கோபம் வரும்போது. டாக்டர் அறையில் குழந்தை பயந்து அமைதியாக உட்கார்ந்துவிடும், அல்லது வீட்டில் ஒருநாளும் போடாத கூச்சல் போடும். அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் வைத்து முடிவு செய்வது அவருக்கும் கஷ்டம்.

2. முதலில் காது, அப்புறம் மதிப்பீடு

பேச்சு வரவில்லை என்றால் முதல் சோதனை காதுக்குத்தான். டிவியில் விளம்பரம் வந்தால் ஓடி வருகிறான், காது கேட்காமலா என்று தாத்தா சொல்வார். சில சத்தங்கள் கேட்டு, பேச்சின் சத்தங்கள் கேட்காத குழந்தைகளும் உண்டு. சத்தத்துக்கு மூளை எப்படிப் பதில் தருகிறது என்று அளக்கும் பெரா சோதனையைச் சிறு குழந்தைகளுக்குத் தூங்க வைத்துத்தான் எடுப்பார்கள். அன்றைக்கு விடியற்காலையிலேயே எழுப்பிவிடுங்கள், போகும் வழியில் தூங்க விடாதீர்கள். பலருக்கு இரண்டாவது முறை அலைச்சல் வருவது இதனால்தான்.

மதிப்பீட்டுக்கு அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தில் தொடங்கலாம். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் தேசிய நிறுவனமும் உண்டு. எம்-சாட் என்ற கேள்வித்தாள் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. அது சந்தேகத்தை மட்டும் காட்டும், முடிவு சொல்லாது. சான்றிதழுக்காக ஆட்டிசத்தின் அளவை மதிப்பிடும் ஐசா அளவுகோலில் 40 விஷயங்களைப் பார்ப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண்.

இங்கே பாசம் குறுக்கே வரும். 'எப்போதாவதுதான் அப்படிச் செய்வான்' என்று குறைத்துச் சொல்வார்கள். வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு நேரம் என்று நோட்டில் எழுதிவைத்து, எழுதியதைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.

3. பயிற்சிக்குச் சான்றிதழ் தேவையில்லை

டாக்டர் சந்தேகம் என்று சொன்ன வாரமே பயிற்சியைத் தொடங்கிவிடலாம். ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி (உடை, சாப்பாடு போன்ற அன்றாட வேலைகளுக்கான பயிற்சி), ஸ்பெஷல் எஜுகேட்டர் என எதற்கும் மாற்றுத்திறனாளி அட்டை கேட்க மாட்டார்கள். கேட்க வேண்டியவர் நீங்கள்: ஸ்பீச் தெரபிஸ்டும் ஸ்பெஷல் எஜுகேட்டரும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவர்களா, பதிவு எண் என்ன?

ஆறு மாதத்தில் பேச வைக்கிறோம், ஆட்டிசத்தைக் குணப்படுத்துகிறோம் என்று யார் சொன்னாலும் பணத்தைப் பத்திரப்படுத்துங்கள். ஸ்டெம் செல் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022லேயே சொல்லிவிட்டது. நகையை விற்று அதற்குப் போகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

4. காகித வேலை

இதற்குள்ளும் ஒரு வரிசை உண்டு. முதலில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை, அதாவது யு.டி.ஐ.டி., தளத்தில் விண்ணப்பம், பிறகு அரசு மருத்துவமனையில் பரிசோதனை, பிறகு சான்றிதழும் அட்டையும். மற்ற எல்லா உதவிகளும் இந்த அட்டைக்குப் பின்னால்தான் வரும். ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் பிறப்புச் சான்றிதழோடு எழுத்து மாறாமல் பொருந்துகிறதா என்று முதலிலேயே பாருங்கள். இனிஷியல் இடம் மாறியிருப்பதால் மட்டுமே திரும்பி வந்த விண்ணப்பங்கள் ஏராளம்.

சான்றிதழ் கைக்கு வந்ததும், அந்த இடத்தை விட்டு நகர்வதற்கு முன்பே படித்துப் பாருங்கள். குறைபாட்டின் வகையில் ஆட்டிசம் என்று இருக்கிறதா? அறிவுசார் குறைபாடு என்று மட்டும் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. இரண்டும் இருக்கும் குழந்தைக்கு இரண்டும் பதிவாக வேண்டும். சதவீதம் 40 அல்லது அதற்கு மேலா என்பதும் முக்கியம். பெரும்பாலான சலுகைகளின் வாசல் அதுதான். சிறு குழந்தைகளுக்குக் காலக்கெடுவுடன் தற்காலிகச் சான்றிதழ் தருவதும் வழக்கம். முடியும் தேதியை வீட்டு நாட்காட்டியில் இன்றே குறித்துவையுங்கள்.

அட்டை வந்த பிறகு, நேஷனல் டிரஸ்ட் என்ற மத்திய அரசு அமைப்பின் நிரமயா மருத்துவக் காப்பீடு. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவும் இதில் அடங்கும். ஆண்டுதோறும் புதுப்பிக்க மறக்கக் கூடாது. அப்புறம் கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் எங்கே என்று விசாரித்து, பராமரிப்பு உதவித்தொகை, பஸ் பாஸ் இரண்டும் உங்கள் குழந்தைக்குப் பொருந்துமா என்று நேரில் கேளுங்கள். வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு 75,000 ரூபாய் கழிவு உண்டு. குறைபாடு 80 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் 1,25,000.

5. பள்ளியைப் பார்க்கப் போகும்போது

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016ன்படி 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்குப் பக்கத்துப் பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வகுப்பில் உட்கார்ந்து, சொல்வதை ஓரளவு பின்பற்றும் குழந்தைக்குச் சாதாரணப் பள்ளியே போதும். கல்வித்துறையின் வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வருவார். தண்ணீர் கேட்கவும் பாத்ரூம் போகவுமே இன்னும் கற்க வேண்டிய குழந்தைக்குச் சிறப்புப் பள்ளி என்பது என் கருத்து. கௌரவத்துக்காகச் சாதாரணப் பள்ளியையே பிடித்துக்கொண்டு சில வருடங்களை இழந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

சுற்றிக்காட்டும் நேரத்தில் எந்தப் பள்ளியும் அழகாகத்தான் இருக்கும். காலை பதினொரு மணிக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள். அந்த நேரத்தில் பார்க்க வேண்டியவை:

பிள்ளைகளின் கைகள். ஏதாவது ஒரு வேலை அந்தக் கைகளில் நடக்கிறதா, அல்லது எல்லோர் முன்னாலும் ஒரே கலரிங் தாளா? பேசாத குழந்தை ஒன்றைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அதற்கு ஏதாவது வேண்டும் என்றால் எப்படிக் கேட்கிறது? பட அட்டையோ, சைகையோ, டேப்லெட்டோ இருக்க வேண்டும். ஒரு வழியும் இல்லை என்றால் கோபம்தான் அதன் வழி. படத்தைத் தொட்டால் சொல்லைப் பேசிக்காட்டும், சென்னையில் உருவான அவாஸ் செயலி தமிழிலும் இருக்கிறது, அதைப் பயன்படுத்துகிறார்களா என்றும் கேட்கலாம்.

பாத்ரூமுக்குள் போய்ப் பாருங்கள். தரை காய்ந்திருக்கிறதா, கதவு இருக்கிறதா, உடை மாற்றுவது யார்? வெளிக்கதவுக்குத் தாழ்ப்பாள் எந்த உயரத்தில் இருக்கிறது? எங்கள் பிள்ளைகள் ஓடினால் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

'பிள்ளை அடித்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். 'இங்கே யாரும் அப்படிச் செய்வதில்லை' என்பது பதில் இல்லை. 'ஏன் அடித்தான் என்று பார்ப்போம், இன்ன மாதிரி செய்வோம்' என்று விவரமாகச் சொல்கிற டீச்சர் இருக்கும் இடம் நல்ல இடம். கட்டிடம், ஏசி, சென்சரி ரூம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வேன் பயண நேரத்தையும் கணக்கில் எடுங்கள். ஒன்றரை மணி நேரம் ஹாரன் சத்தத்தில் வந்து இறங்கும் குழந்தையால் முதல் வகுப்பில் எதையும் கற்க முடியாது. சுமாரான பள்ளி பக்கத்தில் இருந்தால், பிரமாதமான தூரத்துப் பள்ளியைவிட அதுவே மேல்.

6. சேர்க்கும் முன் வீட்டில் செய்ய வேண்டியவை

முதல் நாளுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். பள்ளி வாசல், வகுப்பறை, டீச்சர் முகம், வேன் இவற்றைப் போட்டோ எடுத்துத் தினமும் காட்டுங்கள். யூனிஃபார்ம் புதுசு என்றால் நாலைந்து முறை துவைத்து, லேபிளை வெட்டிவிட்டு, வீட்டில் போட்டுப் பழக்குங்கள். கழுத்தில் குத்தும் ஒரு லேபிள் முதல் நாளையே கெடுத்துவிடும்.

அப்புறம் குழந்தையைப் பற்றி ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். மெடிக்கல் ரிப்போர்ட் பள்ளியிடம் ஏற்கெனவே இருக்கும். அதில் இல்லாததை எழுதுங்கள். இப்படி:

'ண்ணீ என்றால் தண்ணீர். நம் கையைப் பிடித்து இழுத்தால் ஏதோ எட்டவில்லை என்று அர்த்தம். குக்கர் விசில், மிக்ஸி சத்தம் ஆகாது. தயிர்சாதத்தில் கடுகு இருந்தால் தட்டைத் தள்ளிவிடுவான். பாத்ரூம் வந்தால் சொல்ல மாட்டான், சட்டை நுனியைக் கடிப்பான். அழும்போது முதுகில் அழுத்தித் தடவினால் அடங்கும். லேசாகத் தொட்டால் இன்னும் அதிகமாகும்.'

இந்தப் பக்கத்தை டீச்சருக்கு ஒன்று, ஆயாம்மாவுக்கு ஒன்று, வேன் டிரைவருக்கு ஒன்று கொடுங்கள். ஆயாம்மாவை விட்டுவிடுகிறார்கள். நாள் முழுக்கப் பிள்ளையோடு இருப்பது அவர்தான்.

7. முதல் மாதங்களும் ஐ.இ.பி. கூட்டமும்

முதல் வாரம் ஒரு மணி நேரம், பிறகு மெல்ல மெல்லக் கூட்டுங்கள். அழுகை நிற்காத நேரத்தில் கூட்டி வந்துவிட்டால், அழுதால் வீட்டுக்குப் போகலாம் என்று குழந்தை கற்றுக்கொள்ளும். அமைதியான ஐந்து நிமிடம் வரும் வரை காத்திருந்து, அப்போது கூட்டி வாருங்கள்.

தனிநபர் கல்வித் திட்டம், அதாவது ஐ.இ.பி., போடும் கூட்டத்துக்கு அப்பா அம்மா இருவருமே போக வேண்டும். 'பேசணும், எழுதணும்' என்று கேட்டால் அது தாளிலேயே தங்கிவிடும். அளக்க முடிகிற மாதிரி கேளுங்கள்: தண்ணீர் படத்தை எடுத்து டீச்சரிடம் தானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், தினம் மூன்று தடவையாவது. இப்படி மூன்று நான்கு இலக்குகள் போதும். அவற்றில் ஒன்றாவது உங்கள் வீட்டுத் தலைவலியைக் குறைப்பதாக இருக்கட்டும். பல் துலக்குவது, டிபன் பாக்ஸ் திறப்பது மாதிரி. உங்களுக்கே பயன்படுகிற இலக்கு என்றால் வீட்டிலும் விடாமல் செய்வீர்கள்.

8. போய்வரும் நோட்டு

பேசாத குழந்தை பள்ளியில் நடந்ததை வந்து சொல்லாது. அதனால் பையில் ஒரு நோட்டு தினமும் போய்வர வேண்டும். 'இன்று நன்றாக இருந்தான்' என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. 'இரவு இரண்டு மணிக்கு எழுந்தவன் தூங்கவில்லை. மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை. காலையில் இட்லி ஒன்றுதான்' என்று நீங்கள் எழுதினால், டீச்சர் அன்று புதிதாக எதையும் சொல்லித்தர மாட்டார். 'இடைவேளை மணி அடித்ததும் மேசைக்கு அடியில் போனான்' என்று அவர் எழுதினால், அன்று மாலை கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிப்போகலாமா என்று நீங்கள் யோசிப்பீர்கள்.

இரண்டு மூன்று வரி போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பலாமே என்பார்கள். அனுப்பலாம், ஆனால் ஆறு மாதம் கழித்து ஐ.இ.பி. கூட்டத்தில் புரட்டிப் பார்க்க நோட்டுதான் உதவும்.

9. வீட்டிலும் அதே சொல், அதே படம்

பள்ளியில் டீச்சர் 'உட்கார்' என்பார். வீட்டில் அம்மா 'உக்காரு கண்ணா, நல்ல பிள்ளைல்ல' என்பார், பாட்டி 'இங்க வந்து இருடா ராஜா' என்பார், அப்பா இங்கிலீஷில் சொல்வார். குழந்தைக்கு இவை நாலும் நாலு கட்டளை. டீச்சர் சொல்லும் சொல்லைக் கேட்டு எழுதி, சமையலறையில் ஒட்டுங்கள். ஒரு முறை சொல்லிவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். கேட்டதைப் புரிந்துகொள்ள அதற்கு நேரம் வேண்டும். இடையில் திரும்பச் சொன்னால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். வீட்டில் தமிழ் பேசுவதால் பேச்சு தாமதமாகும் என்று பயந்து இங்கிலீஷுக்கு மாறத் தேவையில்லை.

பள்ளியில் சுவரில் இருக்கும் பட அட்டவணையைப் போலவே பீரோ கதவில் ஒன்று வையுங்கள்: குளியல், சட்டை, இட்லி, பை, வேன். முடிந்த படத்தைக் குழந்தையே எடுத்துக் கீழே உள்ள டப்பாவில் போடட்டும். அடுத்து என்ன என்று தெரிந்தால் காலை நேரத்துச் சண்டை பாதியாகக் குறையும்.

புதிய வேலை கற்றுத்தரும்போது கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள். டிராயர் போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பிடிப்பது, வலது கால், இடது கால், தொடை வரை இழுப்பது, இடுப்பு வரை இழுப்பது. முதல் நாலையும் நீங்கள் செய்துவிட்டு, தொடை வரை வந்ததை இடுப்புக்கு இழுப்பதை மட்டும் குழந்தையிடம் விடுங்கள். இழுத்தவுடன் கைதட்டு, பிடித்த பாட்டு, எதுவோ ஒன்று. அது கைவந்ததும் முழங்காலிலிருந்து. இப்படிப் பின்னோக்கிப் போகும்போது வேலையை ஒவ்வொரு தடவையும் முடிப்பது குழந்தை. பாராட்டும் உடனே கிடைக்கிறது. முதல் படியிலிருந்து ஆரம்பித்தால் பாதியில் நீங்கள் பிடுங்கிச் செய்துவிடுவீர்கள், வேனும் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்.

10. மெல்ட்டவுன் (கட்டுக்கு அடங்காத அழுகை, கூச்சல்) வரும்போது

திடீரென்று தலையை முட்டிக்கொள்வதோ கையைக் கடிப்பதோ புதிதாக ஆரம்பித்தால், முதலில் உடம்பைப் பாருங்கள். பல், காது, மலச்சிக்கல். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத குழந்தை இப்படித்தான் சொல்லும். ஆட்டிசத்தோடு வலிப்பும் சில பிள்ளைகளுக்கு வரும். அடிக்கடி சில நொடி வெறித்துப் பார்த்து நின்றால் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

உடம்பில் ஒன்றும் இல்லை என்றால் நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: அதற்கு முன் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதன் பிறகு நாம் என்ன செய்தோம். இரண்டு வாரம் எழுதினால் காரணம் பெரும்பாலும் மூன்றாவது கட்டத்தில் தெரியும். ஒவ்வொரு முறையும் சமாதானப்படுத்த நாம் போனைக் கையில் கொடுத்திருப்போம்.

சத்தம், கூட்டம் தாங்காமல் வரும் மெல்ட்டவுன் வேறு. அந்த நேரத்தில் புத்தி சொல்லாதீர்கள், காதில் ஏறாது. பேச்சைக் குறைத்து, கூட்டத்தை விலக்கி, தலையில் அடிபடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கற்றுத்தருவதை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

11. பள்ளிக்குத் துணை நிற்பது

ஃபீஸ் கட்டும் பள்ளியாக இருந்தால் தேதி தவறாமல் கட்டுங்கள். டீச்சர்களின் சம்பளம் அதிலிருந்துதான் போகிறது. சம்பளம் தாமதமானால் முதலில் விலகுவது நல்ல டீச்சர்தான்; புது டீச்சருக்குப் பழக உங்கள் பிள்ளைக்கு மாதக்கணக்கில் ஆகும்.

பிறந்த நாள், திதி என்று சாப்பாடு போட வருகிறவர்கள் நிறைய. ஒரே வாரத்தில் மூன்று பிரியாணி வந்து, புது வாசனையில் பாதிப் பிள்ளைகள் தொடாமலே எழுந்த நாட்கள் உண்டு. அதைவிட, என்ன வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் கேட்டால் நீளப் பட்டியலே சொல்வார்: லேமினேஷன் ஷீட், வெல்க்ரோ, பிரிண்டர் மை, மாற்று உடை, டயப்பர், பாத்ரூம் டைல்ஸ் ரிப்பேர், வேனுக்கு டயர். பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துப் போட்டோ எடுப்பது இல்லை என்பதைப் பெற்றோர் குழுவே விதியாக வைத்துக்கொள்ளலாம். பள்ளி நிர்வாகத்தால் நன்கொடையாளரிடம் அதைச் சொல்ல முடியாது, நாம் சொல்லலாம்.

நன்கொடை தருகிறவர்களிடம் வரிச்சலுகைக்கான 80ஜி ரசீது கிடைக்குமா என்று முன்பே தெரிவியுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் வரிச்சலுகை கிடையாது, வங்கி வழியாகத்தான் தர வேண்டும்.

பணம் இல்லாதவர்களின் உழைப்பு இன்னும் மதிப்பானது. பட அட்டை வெட்டி ஒட்டுவது, கணக்கு எழுதுவது, மானிய விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்வது, டூருக்குக் கூடுதல் கையாகப் போவது. ஒரு டீச்சர் மாலையில் அட்டை வெட்டிக்கொண்டிருந்தால் மறுநாள் பாடத்தை எப்போது யோசிப்பார்?

குறை இருந்தால் முதலில் வகுப்பு டீச்சர், பிறகு தலைமையாசிரியர், பிறகுதான் பெற்றோர் கூட்டம். குரூப்பில் நேரடியாகப் போட்டால் ஆயாம்மாக்கள் பயந்து, கீழே விழுந்த விஷயத்தைக்கூட மறைக்க ஆரம்பிப்பார்கள். பிள்ளையின் உடம்பில் காயமோ அத்துமீறலின் சந்தேகமோ இருந்தால் மட்டும் இந்த வரிசை பொருந்தாது. உடனே டாக்டர், குழந்தைகள் உதவி எண் 1098, போலீஸ்.

12. பத்து வயதுக்கு மேல்

ஒன்பது பத்து வயதிலேயே அந்தரங்கம் கற்றுத்தரத் தொடங்குங்கள்: கதவைச் சாத்தி உடை மாற்றுவது, கட்டிப்பிடிப்பதற்குப் பதில் கைகொடுப்பது. சின்னப் பிள்ளைதானே என்று விட்டதைப் பதினைந்தில் மாற்றுவது மிகக் கடினம். பெண் குழந்தை என்றால் நாப்கின் ஒட்டுவதையும் மாற்றுவதையும் வயதுக்கு வரும் முன்பே விளையாட்டாகப் பழக்கலாம்.

ஆதாரில் கைரேகையையும் கருவிழியையும் 5 வயதிலும் 15 வயதிலும் புதுப்பிக்க வேண்டும். விரலை அசையாமல் வைக்க வீட்டில் ஒரு மாதம் பழக்கிவிட்டு, கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். பதினான்கிலிருந்து பள்ளியில் தொழில் பயிற்சி கேளுங்கள். எது ஒத்துவரும் என்று தெரியவே ஓரிரு வருடம் ஆகும்.

18 முடிந்தால் சட்டப்படி பெரியவர். அதன் பிறகு நாம் பெற்றோர் என்பதால் மட்டும் அவர்களுக்காகக் கையெழுத்துப் போட முடியாது. வங்கியில் நிற்கும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. நேஷனல் டிரஸ்ட் சட்டம், 1999ன்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் சட்டப்பூர்வக் காப்பாளர் நியமனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதினேழு வயதிலேயே சான்றிதழ், அட்டை, ஆதார், பெற்றோர் அடையாள ஆவணங்கள் எல்லாவற்றிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று சரிபார்த்து, நமக்குப் பின் காப்பாளராக இருக்கக்கூடியவரிடமும் பேசி வையுங்கள். விண்ணப்பம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கிடைக்கும்.